பின்சீட்டில் இரண்டு போல்ட்டுகள்

ஹாக் லியோங்கின் காரில் பின்சீட்டு என்று ஒன்று இருப்பதை அதைச் செய்தவர்களே மறந்திருப்பார்கள். இரண்டே கதவு, தரையோடு தரையாகப் போகும் உயரம், சிவப்பு நிறம், வயது இருபத்தாறு. முன்னால் இரண்டு பேர் ராஜா ராணி மாதிரி உட்காரலாம். பின்னால் இரண்டு பள்ளங்கள் உண்டு. அதில் ஒரு பையை வைக்கலாம். மனசாட்சி இல்லாதவர்கள் ஒரு மனிதனையும் வைக்கலாம்.

அந்தப் பள்ளங்களில் ஒன்றில்தான் காலை ஏழு மணியிலிருந்து ஒரு குழந்தை இருக்கையைத் திணித்துக்கொண்டிருந்தான். உடம்பில் பாதி காருக்குள், பாதி ஆயர் ஈத்தாம் தெருவில். பினாங்கில் பாதிப் பேருடைய காரைப் பழுது பார்த்தவன், சொந்தக் காரில் ஒரு பெல்ட்டைக் கோக்க முடியாமல் வியர்த்துக் கொட்டினான். பிறந்த குழந்தை முதுகைக் காட்டித்தான் பயணம் செய்ய வேண்டும் என்று இருக்கையோடு வந்த தாளில் படம் போட்டிருந்தது. அப்படித் திருப்பி வைத்தால் அது முன்சீட்டின் முதுகில் இடித்தது. முன்சீட்டைத் தள்ளினால் உட்காருகிறவரின் முழங்கால் வாய்க்கு வந்தது.

வாசலில் அவன் அக்கா கிம் லுவான் இஞ்சி சுரண்டிக்கொண்டு நின்றாள். தம்பி மனைவியின் பிள்ளைப்பேற்று மாதத்துக்குச் சமைத்துப் போட வந்தவள். வந்த அன்றே ஆறு கிலோ இஞ்சி இறக்கியிருந்தாள்.

"ஏன்டா, காருக்குள்ள சீட்ட வைக்கிறியா, சீட்டுக்குள்ள கார வைக்கிறியா?"

"பேசாம இரு அக்கா."

"மச்சானோட வேன எடுத்துட்டுப் போன்னு நேத்தே சொன்னேன்."

"அதுல பின்னால சீட்டே கெடையாது. கீரைக்கட்டோட சேத்துப் பிள்ளையவும் கட்டி வைக்கச் சொல்றியா?"

"எங்க பிள்ளைங்கல்லாம் மடியிலதான் வந்துச்சுங்க. ஒண்ணும் கொட்டிப் போயிடல."

சொன்னதும் அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். சுரண்டிய இஞ்சியையே மறுபடி சுரண்டினாள். ஹாக் லியோங் காதில் விழாதவன் போல, பள்ளத்தின் பின்னால் இருந்த கம்பளத்தைத் தூக்கினான். அடியில் ஒரு போல்ட் தலை பழுப்பேறிக் கிடந்தது.

அந்தப் போல்ட்டைப் பற்றி உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் மனைவி சுவாட் இம்முக்கு ஆறாம் மாதம். பத்து வருஷம் காத்திருந்து வந்த பிள்ளை. வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கும் வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, துளை போடக் கூடாது, கட்டிலை நகர்த்தக் கூடாது, பிள்ளைக்கென்று எதையும் முன்கூட்டி மாட்டி வைக்கக் கூடாது என்பது அவர்கள் குடும்பத்தில் பாலோடு ஊட்டப்படுகிற பாடம். அவனும் தலையாட்டினான். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. குழந்தை இருக்கையின் வாரைக் கொக்கியில் மாட்ட அந்தப் பழைய காரில் இடமே இல்லை. தரையில் துளை போட்டுப் போல்ட் முறுக்கினால்தான் உண்டு. வீட்டில்தானே கூடாது, பட்டறையில் போட்டால் என்ன என்று சட்டம் பேசிக்கொண்டான். ஒரு சாயங்காலம் துளையிடும் கருவியை எடுத்து ஒன்று போட்டான். அதோடு விட்டானா? அடுத்த பிள்ளைக்கும் இருக்கட்டும் என்று பக்கத்துப் பள்ளத்தில் இன்னொன்றும் போட்டான்.

ஐந்தாம் நாள் வயிற்றில் அசைவு நின்றுவிட்டது. காரணம் தெரியவில்லை, இப்படியும் சிலருக்கு நடக்கும் என்றார் டாக்டர். ஹாக் லியோங்குக்குக் காரணம் தெரிந்திருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. கம்பளத்தை இழுத்து மூடிவிட்டு, மூன்று வருஷம் அதே காரில் மனைவியை உட்காரவைத்து ஓட்டினான்.

இப்போது இரட்டைப் பெண்கள், குறித்த நாளுக்கு ஏழு வாரம் முந்திப் பிறந்தவர்கள். முழுமாதம் ஆகிப் பெயர் வைக்கிற வரை பெரியவள், சின்னவள்தான். பெரியவளையும் சுவாட் இம்மையும் இன்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சின்னவள் இன்னும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். நடுநடுவே மூச்சு விட மறந்துபோவாள். செவிலிப்பெண் பாதத்தைத் தட்டினால் நினைவு வந்து மறுபடி மூச்சு விடுவாள். பத்து நாள் பார்ப்போம் என்றிருந்தார் டாக்டர்.

ஒருவழியாக இருக்கை உட்கார்ந்தது. வாரைப் போல்ட்டில் மாட்டி இழுத்துப் பார்த்தான். அசையவில்லை.

"இன்னொண்ணு?" என்றாள் அக்கா. இரண்டாவது இருக்கை அட்டைப் பெட்டியோடு வாசலில் இருந்தது.

"எடம் பத்தாது."

"பொய் சொல்றப்ப உனக்குச் சின்ன வயசுல இருந்தே காது செவக்கும்."

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? பிழைப்பாளா என்று தெரியாத பிள்ளைக்கு முன்கூட்டி இருக்கை மாட்ட அவன் கை வரவில்லை. அதற்காக வீட்டில் விட்டுப் போகவும் மனம் வரவில்லை. அவளை விட்டுவிட்டுப் போவது போல இருந்தது. கடைசியில் பெட்டியைப் பிரித்து, இருக்கையைக் காரின் டிக்கியில் வைத்து மூடினான். இரண்டும் கெட்டான் வேலை என்று அவனுக்கே தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் சுவாட் இம் கம்பளித் தொப்பியும் காலுறையுமாகத் தயாராக இருந்தாள். பச்சை உடம்பில் காற்று பட்டுவிடக் கூடாதென்று அக்கா கொடுத்தனுப்பியவை. அந்த வெயிலில் அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. கிளம்புமுன் இருவரும் கண்ணாடிப் பெட்டியருகே நின்றார்கள். சின்னவள் உள்ளங்கை அளவு முகத்தைச் சுளித்துக்கொண்டு தூங்கினாள். சுவாட் இம் நகரவே இல்லை. செவிலிப்பெண்தான் தோளைத் தொட்டுக் கூட்டிவந்தாள்.

கார் நிறுத்துமிடத்தில் பெரியவளைப் பின்னால் இருந்த இருக்கையில் படுக்கவைத்து, சுவாட் இம்மே வாரைப் பூட்டினாள். மூன்று தரம் இழுத்துப் பார்த்தாள்.

"நல்லா மாட்டியிருக்க," என்றாள். பிறகு துணிப்பையை வைக்க டிக்கியைத் திறந்தாள்.

பையை வைக்காமல் உள்ளே குனிந்து பார்த்தாள்.

"இது ஏன் இங்க கெடக்கு?"

"அவ வர்றதுக்குத்தான் நாள் இருக்கே. அப்புறம் மாட்டிக்கலாம்னு."

"அப்ப வீட்ல இருந்திருக்கணும். இல்ல, சீட்டுல இருந்திருக்கணும். மூட்டை வைக்கிற எடத்துல ஏன் இருக்கு?" அவள் திரும்பினாள். "லியோங், அவ வர மாட்டான்னு முடிவு பண்ணிட்டியா?"

"அப்படிச் சொல்லாத."

"நான் சொல்லல. நீதான் செஞ்சு காட்டியிருக்க. டாக்டர் பத்து நாளுன்னாரு. உனக்கு என்னமோ அதுக்கு மேல தெரிஞ்ச மாதிரி."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தான் செய்யும். மூன்று வருஷம் குறுகுறுத்தது அங்கே வெடித்தது. ஹாக் லியோங் ஓட்டுநர் இருக்கையை முன்னால் தள்ளி, பின்பள்ளத்துக் கம்பளத்தைத் தூக்கினான். இரண்டாவது போல்ட் துருவேறிக் கிடந்தது.

"இது நான் போட்டது. அந்தப் பிள்ளை வயித்துல இருந்தப்போ, பட்டறையில வச்சு. அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு. கூடாதுன்னு தெரிஞ்சேதான் போட்டேன். அஞ்சாம் நாளு…" அவன் போல்ட்டைக் கட்டைவிரலால் தேய்த்தான். "இன்னைக்கு இதுல சீட்டு மாட்ட என் கை ஓடல, சுவாட் இம். நான் மாட்டினா அவளுக்கும் எதாவது ஆயிடும்."

அடிப்பாள் என்று நினைத்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். அவள் போல்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப நம்ம ரூம்ல மஞ்சள் திரை ஒண்ணு தொங்குச்சே, நெனப்பிருக்கா?"

"வாத்து போட்டது. கடையில வாங்கினது."

"கடையில வாங்கல. நீ வேலைக்குப் போனப்புறம் கட்டில்லயே உக்காந்து நான் தெச்சது. மெத்தை மேலயே வச்சுக் கத்திரிக்கோலால வெட்டினேன்." அவள் குரல் தேய்ந்தது. "கட்டில்ல கத்திரிக்கோல் எடுக்காத, ஊசி எடுக்காதன்னு உங்கக்கா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. கீழ உக்காந்தா முதுகு வலிச்சுது. ஒரு நாள்தானேன்னு பண்ணினேன். அதுவும் அதே வாரந்தான். என்னிக்காவது நீ கேட்டுருவியோன்னு மூணு வருஷமா பயந்துட்டே படுத்திருக்கேன்."

ஹாக் லியோங்குக்கு ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அப்பாடா என்று இருந்தது. தான் மட்டும் இல்லை. மறுநொடியே அந்த நிம்மதியை நினைத்து உடம்பு கூசியது. ஒரே கட்டிலில் ஆளுக்கொரு பக்கம் முகம் திருப்பி, பிள்ளையைக் கொன்றது நான்தான் என்று இருவரும் கிடந்திருக்கிறார்கள்.

"எடு அத," என்றாள் சுவாட் இம்.

"எத?"

"சீட்ட. இப்பவே மாட்டு."

"உனக்குப் பயமா இல்லையா?"

"கை நடுங்குது பாரு. பயமா இல்லையான்னு கேக்குற." அவள் கையை நீட்டிக் காட்டினாள். "இன்னைக்கு மாட்டாம விட்டு, நாளைக்கு எதாவது ஆச்சுன்னா, மாட்டாததாலதான்னு ஒரு கணக்குச் சொல்லுவோம். மாட்டி ஆச்சுன்னா மாட்டினதாலதான்னு சொல்லுவோம். இன்னொரு மூணு வருஷம் அப்படிப் படுக்க என்னால ஆகாது."

அவன் இருக்கையையும் கருவிப்பையையும் தூக்கிவந்தான். போல்ட் துருவில் இறுகியிருந்தது. எண்ணெய் தெளித்து, தட்டி, மூச்சைப் பிடித்துத் திருப்பினான். உள்ளே ஒரே இருட்டு. கேட்காமலே ஒரு வெளிச்சம் வந்து போல்ட்டின் மேல் விழுந்தது. பச்சை உடம்புக்காரி காற்றில் குனிந்து நின்று கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் ஆடிக்கொண்டே இருந்தது. ஆனாலும் வேலைக்குப் போதுமானதாக இருந்தது.

மாட்டி முடித்தபோது ஓட்டுநர் இருக்கை முன்னால் தள்ளி, அவன் முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் முட்டின. சுவாட் இம் காலியான இருக்கையின் வாரையும் பூட்டினாள். மூன்று தரம் இழுத்துப் பார்த்தாள்.

வெளிவாசலில் பார்க்கிங் ரசீதை வாங்கக் குனிந்த காவலாளி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு சீட்டு இருக்கு, ஒரு பிள்ளைதான் இருக்கு. இன்னொண்ண மறந்துட்டீங்களா, முதலாளி?"

"மேல இருக்கா," என்றான் ஹாக் லியோங். மூன்று வருஷமாக அவன் வாய் எந்தப் பிள்ளையைப் பற்றியும் சொல்லத் துணியாத சொல் அடுத்து வந்தது. "வருவா."

தடுப்புக் கம்பு உயர்ந்தது. அவன் காரை மெல்ல நகர்த்தினான். கண்ணாடியில் ஒரு இருக்கையின் விளிம்பில் பெரியவளின் தொப்பி தெரிந்தது. மற்றதில் வெறும் துணிதான் தெரிந்தது. அதையே பார்த்தபடி ஓட்டினான்.

"ரோட்டப் பாரு," என்றாள் சுவாட் இம். அவளும் திரும்பிப் பின்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.