மேல் அறைத் துவக்கு

யோகலிங்கத்திடம் துவக்கு, அதாவது துப்பாக்கி, இருப்பது லண்டன் சட்டனில் அரைவாசித் தமிழருக்குத் தெரியும். துவக்குக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு ஓடிவந்த மனிதன் இங்கே சொந்தக் காசில் துவக்கு வாங்கிச் சட்டப்படி வைத்திருக்கிறான் என்று கலியாண வீடுகளில் பகிடி பண்ணுவார்கள். அவருக்கும் அதில் பெருமைதான். அவருடைய கடைக்கு வந்துபோன வெள்ளைக்காரன் ஒருவன் பழக்கிவிட்ட விளையாட்டு அது. ஞாயிற்றுக்கிழமைகளில் நகருக்கு வெளியே ஒரு கிளப்பில், வானத்தில் எறிகிற களிமண் தட்டுகளைச் சுடுவார்.

சென்ற மாரியிலிருந்து அவர் கிளப்புக்குப் போவதில்லை. கடைக்கும் போவதில்லை. சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடியே இருப்பார்; திடீரென்று அழுவார். ஒருநாள், "இனிப் போதுமப்பா" என்றார். எது போதும் என்று மனைவி றஜீனா கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்று அவளுக்குப் பயம்.

டொக்டரிடம் காட்டியிருக்கலாம். ஆனால் வேறு ஊரில் தங்கி வேலை செய்கிற மகள் கம்சிகாவுக்கு, கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற இடத்தில் சம்பந்தம் முற்றாகியிருந்தது. மாப்பிள்ளையின் சித்தி வேலை செய்வது இவர்களுடைய டொக்டரின் வரவேற்பு மேசையில். குடியிருப்பது இவர்களுடைய தெருமுனையில். நோயாளியின் விஷயத்தை அந்த மனுசி வெளியே சொல்லக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஊர் வாயை மூட எந்தச் சட்டம் இருக்கிறது? ஆகவே றஜீனா கொழும்பிலிருந்த தன் தமையன் சந்திரகுமாரைப் பிடித்தாள். அவர் அங்கே ஒரு டொக்டரிடம் சொல்லி மனச்சோர்வுக்கு மாத்திரை வாங்கி, லண்டனுக்கு வருகிற ஆட்களிடம் கொடுத்துவிட்டார். அந்தக் குளிசை குசினித் தட்டிலிருந்த வெந்தய டின்னுக்குள் போனது. நோயை மாற்றுவதற்கு முன்னம் அதை ஒளிக்கத் தெரிந்த சனம் நாங்கள்.

இதற்கிடையில் துவக்கு உரிமத்தைப் புதுப்பிக்கும் காலம் வந்தது. "விடுவமே?" என்று யோகலிங்கம் இழுத்தார். விட்டால் ஏன் விட்டீர்கள் என்று நாலு பேர் கேட்பார்கள், கலியாணம் முடியட்டும், எல்லாம் வழமைபோலவே இருக்கட்டும் என்று சொல்லி, விண்ணப்பத்தில் அவரைக் கையெழுத்து வைக்கச் செய்தவள் றஜீனாதான். சட்டன் டொக்டரும் மனநோய் எதுவும் பதிவில் இல்லையென்று எழுதிக் கொடுத்தார். பதிவில் இருந்தால்தானே!

வெள்ளிக்கிழமை பின்னேரம் உரிமம் சம்பந்தமாகப் பொலிஸ் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். மேல் அறையில் சுவரோடு பூட்டியிருந்த இரும்புப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு குசினிக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு, தணிந்த குரலில் றஜீனாவைக் கேட்டாள். உன் கணவர் ஒழுங்காகத் தூங்குகிறாரா? சமீபத்தில் ஏதும் மாற்றம் தெரிகிறதா? உனக்கு ஏதாவது கவலை இருக்கிறதா?

வெந்தய டின் அந்தப் பொலிஸ்காரியின் தலைக்கு மேலே தட்டில் இருந்தது. பைத்தியக்காரனின் மகள் என்று பார்க்கிங் முழுக்கச் சொல்லும் என்ற நினைப்புத்தான் றஜீனாவுக்கு முதலில் வந்தது. புருஷனின் நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. ஒரு கவலையும் இல்லை, அவர் நல்ல சுகம் என்றாள். சிரிக்கவும் செய்தாள்.

பொலிஸ்காரி போனபின், யோகலிங்கம் மாடிப்படியில் குந்தியிருந்தார்.

"என்ன கேட்டவ?"

"உங்கடை சுகத்தைத்தான்."

"நீ என்ன சொன்னனி?"

"ஒரு குறையும் இல்லை எண்டன். இனிப் பயமில்லை."

அவர் படியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். "நீ சொல்லுவாய் எண்டு நினைச்சன்."

"என்னத்தை?"

"எனக்கு அதை வீட்டிலை வைச்சிருக்கப் பயமா இருக்கு, றஜீனா. ஒவ்வொரு நாளும் அந்த அறைக் கதவைக் கடந்து போறது பெரும்பாடாக் கிடக்கு. நானாச் சொல்ல வாய் வரேல்லை. நீ சொல்லியிருந்தா இண்டைக்கே கொண்டு போயிருப்பினம்."

றஜீனா வாசலுக்கு ஓடினாள். கார் போய்விட்டது. பொலிஸ்காரி தந்த அட்டையிலிருந்த எண்ணுக்கு எடுத்தால், அலுவலகம் மூடியாயிற்று, திங்கட்கிழமை எடுங்கள், அவசரமென்றால் அவசர எண்ணை அழுத்துங்கள் என்றது ஒரு குரல். அவசர எண் என்றால் நீல விளக்கு எரிய எரியத் தெருவுக்குள் வருவார்கள். தெருமுனையில் சித்தி வீடு. றஜீனா படியைப் பார்த்தாள். அவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி இருந்தார், மேலே போகாமல் தன்னையே பிடித்து வைத்திருப்பவரைப்போல. அவள் அவரைக் கடந்து மேல் படிக்குப் போய், வழியை மறித்து இருந்துகொண்டு, எண்ணை அழுத்தினாள்.

வந்தார்கள். விளக்கோடுதான் வந்தார்கள். இருவர் துவக்கை எடுத்துக்கொண்டு இறங்க, ஒருவர் யோகலிங்கத்தின் பக்கத்தில் இருந்து மெதுவாகக் கதைத்தார். அதற்குள் சித்தியின் போன் வந்துவிட்டது.

"அக்கா, உங்கடை வாசலிலை பொலிஸ் நிக்குது. கள்ளன் ஏதும் வந்தவனோ?"

நல்ல பொய் ஒன்றை அந்த மனுசியே கையில் வைத்துவிட்டாள். ஓம் என்றால் போதும். யோகலிங்கம் படியிலிருந்து றஜீனாவை நிமிர்ந்து பார்த்தார்.

"கள்ளன் இல்லை. என்ரை மனுசனுக்கு மனசு சுகமில்லை. துவக்கைக் கொண்டுபோகச் சொல்லி நான்தான் கூப்பிட்டனான்."

"ஐயோ, கடவுளே" என்றாள் சித்தி. மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் போனை வைத்தாள்.

பொலிஸ்காரர் புறப்படுவதற்குள் கம்சிகா வேலையிலிருந்து போனில் கூப்பிட்டாள். பார்க்கிங்கிலிருந்து மாப்பிள்ளையின் தாய் கூப்பிட்டாளாம். கலியாணத்தைக் கொஞ்சம் பொறுத்து யோசிப்போம் என்றாளாம்.

"அது போகட்டும் அம்மா. அப்பாவுக்கு மனசு சுகமில்லையாமே? அவையள் சொல்லித்தானா நான் அறியோணும்?"

றஜீனா போனோடு குசினிக்குப் போய், வெந்தய டின்னை இறக்கிக் குளிசையை வெளியே எடுத்து வைத்தாள்.