பத்து எண்ணும் வரை

மழைநீரை ஆற்றுக்குத் தள்ளும் கட்டுப்பாட்டு அறையில் மூன்று மேசைகள். மூன்றுக்கும் ஒரே பொது லைன். ஒருத்தர் பேசினால் எல்லார் காதிலும் விழும்; கால்வாய்க்குள் இறங்கிய ஆட்களின் வாக்கி-டாக்கியிலும் விழும். மதகைத் திறந்தால் தண்ணீர் சுரங்கக் கால்வாய் முழுக்கப் பாயும்; அதனால் திறக்குமுன் லைனில் சொல்லிவிட்டுப் பத்து வரை எண்ண வேண்டும். நடுவில் யார் "நில்லு" என்றாலும் கையை எடுத்துவிட வேண்டும்.

பம்பு மேசைக்காரி லைனையே கவனித்துக்கொண்டிருந்தாள். சுரங்கக் கால்வாயில் அடைப்பெடுக்க இறங்கிய நாலு பேரில் அவள் தம்பியும் ஒருத்தன். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. நாலு பேரும் ஏறியாச்சு, இறங்கும்போது ஆளுக்கொன்றாக எடுத்துப்போன பெயர் வில்லை நாலையும் திரும்பப் பலகையில் மாட்டியாச்சு என்று கால்வாய் வாயிலிருந்து மேஸ்திரி சொல்லிவிட்டார். ஆனாலும் தம்பி குரல் இன்னும் காதில் விழவில்லை.

"ஊருக்குள்ள தண்ணி வாசப்படியத் தொட்டுடுச்சு. மதகுக்காரரே, நல்ல நேரம் பாக்குறீங்களா?" என்றார் மழை மேசைக்காரர்.

"இதோ, திறக்கப் போறேன். ஒண்ணு... ரெண்டு..."

அவள் காதுக்கருவியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நாலு, அஞ்சு. வெறும் இரைச்சல். ஆறில் 'டிக்' என்றது. ஏழில் மறுபடியும்.

மேலே பேசுவது கால்வாயின் அந்த ஆழத்திலும் கேட்கும். கீழேயிருந்து குரல் ஏறாது. பொத்தானை அமுக்கும் சத்தம் மட்டும் ஏறும்.

"நில்லுங்க."

மதகுக்காரர் கையை எடுத்தார். "என்னம்மா, நாலும் ஏறியாச்சே?"

"ஏதோ டிக்குனு கேட்டுச்சுண்ணே."

"அது மின்னல்," என்றார் மழைக்காரர். "தம்பி பாசத்துல ஊர முழுக வச்சிடாத."

அவள் முகம் சுண்டிப்போனது. இருந்தும் லைனில் கேட்டாள்: "உள்ள யாராச்சும் இருந்தா ரெண்டு தடவ அமுக்குங்க."

டிக். டிக்.

"கயிறு போடுறோம்," என்றது மேஸ்திரியின் குரல். திரையில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. ஏழு நிமிடம்.

"அக்கா..." மூச்சு வாங்கியது குரல். "வில்லைய மாட்டினப்புறம்தான் கடப்பாரை ஞாபகம் வந்துச்சு. ஒரு எட்டு எடுத்துட்டு வந்துடலாம்னு..."

"உன் மண்டைய விடவாடா அந்தக் கடப்பாரை கெட்டி?"

லைனில் யாரோ சிரித்தார்கள்.

"வில்லைய விடுங்க," என்றார் மதகுக்காரர். "நாலு பேரும் வாயால சொல்லட்டும்."

நாலு குரல் வந்தது. அதன் பிறகே அவர் ஒன்றிலிருந்து தொடங்கினார். மழைக்காரரும் கூடவே, வாய்க்குள்ளேயே எண்ணினார்.