ஜெபத்தின் நடுவே இறக்கிய மாஸ்க்

எனக்குக் காசநோய் என்று தெரிந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. தான் சொல்லும்வரை ஆள் இருக்கும் இடத்தில் மாஸ்க்கைக் கழற்றக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். "அது உங்களுக்கில்லீங்க, எதுத்தாப்ல இருக்கறவங்களுக்கு."

ஞாயிறு மாலை என் மகள் கெஸியாவைக் கேட்டு, கட்டபெட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. தள்ளிப்போட்டால் காரணம் கேட்பார்கள். மூன்று தலைமுறையாகச் சபையில் எங்கள் குடும்பத்தைப் பற்றி ஒருவரும் குறையாகப் பேசியதில்லை.

"சொல்லிட்டே கூப்பிடலாமில்லீங்கப்பா?"

"தூசு ஒத்துக்கலைன்னு சொல்லிக்கறேன். நீ வாயத் தொறக்காத."

மாப்பிள்ளை பிராங்ளினும் அவன் தாய் தபித்தாளும் வந்தார்கள். கூடவே அவன் அக்கா அலீனா, இடுப்பில் ஆறு மாதக் குழந்தை. குன்னூர்க் குளிருக்கு ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன.

"ஏனுங்க, கொரோனா போயி எத்தன வருசமாச்சு? எங்களப் பாத்தா பயமுங்களா?" தபித்தாள் சிரித்தார்.

"தூசுங்க."

"பெரியவங்க நீங்களே ஜெபம் பண்ணுங்க."

எழுந்தேன். வாயை மூடிக்கொண்டு கர்த்தரிடம் பேசி எனக்குப் பழக்கமில்லை. எல்லோரும் கண்ணை மூடியதும் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினேன். இரண்டு வாக்கியம் முடிவதற்குள் இருமல் வந்துவிட்டது. கையைத் தூக்குவதற்குக்கூட நேரமில்லை. எதிரே, கை எட்டும் தூரத்தில், குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்பா! மேல ஏத்துங்க!"

கெஸியாவின் சத்தத்தில் எல்லோரும் கண் திறந்தார்கள். அலீனா குழந்தையின் முகத்தைத் தன் தோளோடு சேர்த்து அணைத்தாள்.

"என்னங்க இது?" என்றார் தபித்தாள்.

கெஸியா என்னைப் பார்த்தாள். நான் மாஸ்க்கை மேலே ஏற்றினேன். மறுபடியும் தூசு என்று நான் சொல்லியிருக்கலாம்.

"டி.பி.ங்க. மருந்து ஆரம்பிச்சு அஞ்சு நாளாச்சு."

அலீனா குழந்தையோடு வெளியே பனியில் போய் நின்றாள்.

"வாசல்லயே சொல்லியிருந்தா வெளிய உக்காந்து பேசியிருப்பமுங்க," என்றார் தபித்தாள். "சீக்கு யாருக்கும் வரும். தூசுன்னு சொன்னீங்க பாருங்க..."

பிராங்ளின் கெஸியாவைப் பார்த்தான். "அம்மா, அப்ப கல்யாணப் பேச்சு?"

"மொதல்ல கொழந்தைய டாக்டர்கிட்ட காட்டணும். மத்தது அப்பறம்."

கெஸியா ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். நான் டாக்டரின் போன் நம்பரைச் சொன்னேன். பிராங்ளினுக்குச் சரியாகக் கேட்கவில்லை. மாஸ்க்கை இரண்டு கையாலும் மூக்கோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் எண்ணாக மறுபடியும் சொன்னேன்.