மண்ணில் இறங்கிய குரல்

கண்ணாடிக் கடைக்காரரின் மகன் கப்பலோடு காணாமல் போன மறு வருடம், அவன் குரல் ரேடியோவின் சிற்றலை வரிசையில், பருத்தி விலை அறிவிப்புக்கும் அந்நிய மொழிப் பாடத்துக்கும் நடுவே வரத் தொடங்கியது. "அம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன், கேக்குதா?" என்பான். ரேடியோ வாங்கிக்கொள்ளுமே தவிர எதையும் திருப்பி அனுப்பாது என்று தெரிந்தும், அவன் அம்மா ஒவ்வொரு முறையும் பெட்டியின் மேல் வாயை வைத்துப் பதில் சொன்னாள். ஒன்றும் போய்ச் சேரவில்லை.

ரேடியோவோடு வந்த, இழுத்து நீட்டும் ஏரியல் கம்பியில் பாதிப் பேச்சு இரைச்சலாகப் போயிற்று. கடைக்காரர் மாடியில் அலுமினியக் குழாய் நட்டுப் பார்த்தார். அதில் பக்கத்து வீட்டுத் தையல் மிஷினின் மோட்டார்தான் ஜோராகக் கேட்டது. கடைசியில், கரண்ட் கம்பிக்கு எட்டாத பக்கமாகப் பார்த்து, தண்ணீர்த் தொட்டியிலிருந்து பின்வீட்டுச் சுவர்வரை நீளச் செப்புக் கம்பி இழுத்து, இரு முனைகளையும் கடையில் மிஞ்சிய தடித்த கண்ணாடித் துண்டுகளில் துளையிட்டுக் கட்டினார். பிள்ளை மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

மழைக்காலம் வந்தது. இடி உறுமினால் ஏரியல் கம்பியை ரேடியோவிலிருந்து கழற்றிவிட வேண்டும். அவள் கழற்ற விடவில்லை. அந்த நேரம் பார்த்து அவன் கூப்பிட்டால் என்ன செய்வது? எலக்ட்ரீஷியனான அவள் தம்பி தலையில் அடித்துக்கொண்டான். "இடி இறங்கினா வீடே போயிடும்க்கா!" ஏரியலுக்கும் மண்ணுக்கும் நடுவில் இடிதாங்கி ஒன்று இருந்தால் மின்னல் மட்டும் மண்ணுக்குப் போகும், பேச்சு மேலேயே நிற்கும். எலக்ட்ரிக் கடையில் அது தீர்ந்துபோயிருந்தது. அவசரத்துக்கு அவன் வாசலோரம் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, ஏரியலிலிருந்து ஒரு கம்பியை நேராக மண்ணுக்குள் இறக்கிவிட்டான். அன்று மாலையே இடி விழுந்தது. ஒரு பல்புகூடப் போகவில்லை.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, மாமா" என்று சிரித்தான் தம்பி. மண்ணில் இறக்கிய கம்பியைக் கழற்றிவிட்டு ரேடியோவைத் திருகினார்கள். பருத்தி விலை வந்தது, மொழிப் பாடம் வந்தது, நடுவில் யாரும் வரவில்லை. மறுநாள் வாசலில் செருப்பு மாட்டிய கடைக்காரரின் காலடியில் மகன் பேசினான். தோண்டினார்கள். தோண்டத் தோண்டக் குரலும் கீழே போனதால் பயந்துபோய் மூடிவிட்டார்கள். அவள் தம்பியை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

வருடங்கள் ஓடின. தபால்காரர் சைக்கிளைக் குழிக்குத் தள்ளியே நிறுத்தப் பழகிக்கொண்டார். மண் காய்ந்தால் குரல் தேய்ந்தது. அதனால் அவள் தினமும் காலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள். ஒருநாள் ஊற்றி முடிப்பதற்குள் அவன் சொன்னான்: "இங்க தினமும் காலையில மழைம்மா. ஒதுங்க இடமில்ல. குளிர் தாங்கல." அவள் சட்டென்று குடத்தை நிமிர்த்தினாள். ஊற்றாவிட்டால் பிள்ளை பேச மாட்டான், ஊற்றினால் நனைகிறான்.

இப்போதெல்லாம் அவள் தண்ணீரைக் காய்ச்சி, கையை விட்டுச் சூடு பார்த்து, மெதுவாக ஊற்றுகிறாள்.