துரையின் கழுத்துப் பில்லை

...தலைக்கு மேலிருந்து கையைக் கொண்டுவரக் கூடாது, இந்த ஒன்றை மட்டும் அந்த ஆள் செய்யாமலிருந்தால் போதும், கீழேயிருந்து, தோள்பட்டைப் பக்கமாக, புறங்கையை முதலில் மோந்து பார்க்கக் கொடுத்துவிட்டு... ஆனால் அவனுக்கு யார் போய்ச் சொல்வது, மாட்டாஸ்பத்திரி வாசலில் இருபது நாய் நிற்கிறது, ஒவ்வொன்றையும் கழுத்தைப் பிடித்து மேசைமேல் ஏற்றி ஊசி போட்டு இறக்கிவிடுகிறான் அந்தச் சீனன், மூட்டை இறக்குகிற வேகத்தில். பூவம்மா கயிற்றை இன்னொரு சுற்று கையில் சுற்றினாள், உடனே அவிழ்த்தாள். கயிறு இறுகினால் துரைக்குத் தெரிந்துவிடும், அவளுடைய பயம் கயிறு வழியாகவே இறங்கிப் போய்ச் சேரும், அதனால் பயப்படவில்லை, பயப்பட மாட்டாள், எதற்குப் பயப்பட வேண்டும்? ஒரு கடி கடித்தால் முடிந்தது, ஊசியும் கிடையாது, ஊசி போட்டதற்கு அடையாளமாக மாட்டுகிற பில்லையும் கிடையாது, பின்பக்கம் கொண்டுபோய்விடுவார்கள், பின்பக்கம் போன நாய் திரும்பி வருவதில்லை. வெறிநாய்ப் பயத்தில் ஊரே ஆடிப்போயிருக்கிற நேரம், கழுத்தில் பில்லை இல்லாத நாய் தெருவில் தென்பட்டால் துப்பாக்கிதான். வெள்ளிக்கிழமைக்குள் பில்லை வரவில்லையென்றால் சுடுகிற ஆட்களை நானே கூட்டிவருவேன் என்று அவள் குடியிருக்கும் கோட்டர்ஸுக்கு மேஸ்திரி, மண்டோர் மாணிக்கம், எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தான். இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

துரை என்று பெயர் வைத்ததிலேயே அவனுக்கு வயிற்றெரிச்சல். வெள்ளைக்காரத் துரைமாருக்குச் சலாம் போட்டே முதுகு வளைந்தவன், ஒரு தெருநாய்க்கு அந்தப் பெயரா என்று கொதித்துப் போனான். "பேர மாத்து பூவம்மா, மேல யாரு காதுலயாச்சும் விழுந்தா என் வேலைக்கே ஒல வச்சுடுவ." மாற்றவில்லை. துரை இங்க வா, துரை அங்க மோளாத என்று அவன் வாசலுக்கு நேராக நின்று ஒரு பங்கு உரக்கவே கூப்பிட்டாள். பிழைக்குமா என்று தெரியாத நாளில் வைத்த பெயர் அது... தேக்கா மார்க்கெட் சாக்கடையோரம், கழுத்தில் கம்பிச் சுருக்கோடு, யாரோ பிடித்திருக்கிறார்கள், பிய்த்துக்கொண்டு ஓடிவந்திருக்கிறது, கம்பி தோலுக்குள் புதைந்து புண்ணாகி... பக்கத்துச் சோற்றுக்கடை ஹனீபாவிடம் குறடு வாங்கி அறுத்தெடுத்தாள், முழங்கையில் நான்கு பல் பதிந்தது. பதியட்டும். வலித்தால் கடிக்காமல் கொஞ்சவா செய்யும்?

அதற்கப்புறம் மூன்று மாதம். முதலில் பூக்கட்டுகிற நாரைத்தான் கழுத்தில் போட்டாள், நினைத்தால் அறுத்துக்கொள்ளலாம் என்று அதற்குத் தெரியட்டும், பிறகு கிழிந்த சேலையின் கரை, பிறகுதான் வார். அவள் கை பழகியது, ஆனால் அவள் கை பழகி என்ன ஆக, ஊசி போடப் போவது அவளா? அந்நியக் கை வேண்டும், விதவிதமான கை. ஹனீபாவைக் கேட்டாள். "எனக்குத் தொடுறதுக்கில்லம்மா. அது நக்கிடுச்சுன்னா எங்க மார்க்கத்துல மண்ணு போட்டு ஏழு தடவ கழுவணும். ஈரல் வேணா தர்றேன், தெனமும் வந்து வாங்கிக்கிங்க." தந்தார், ஒரு நாள் தவறாமல். அந்த ஈரல் துண்டுகளை மடியில் கட்டிக்கொண்டு மார்க்கெட் முனையில் நின்று, பால்கார தங்கராஜு, திரிஷா வண்டி மிதிக்கிறவன், காய் வாங்க வந்தவள், யாரென்று பாராமல், என் நாயைக் கொஞ்சம் தொட்டுவிட்டுப் போங்கள் என்று கேட்டாள். பைத்தியம் என்றார்கள். சொல்லிவிட்டுத் தொடுங்கள் என்றாள். ஒரு விரல், தோளில், ஒரு நொடி, உடனே ஈரல். கண்ணின் வெள்ளை தெரிந்தால் நிறுத்து, தோள் விறைத்தால் நிறுத்து, உறுமும்வரை காத்திருக்காதே, உறுமிவிட்டால் தப்பு உன்னுடையது... எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள். ஒவ்வொரு தொடுகைக்கும் முன்னால் ஒரே சொல்தான். சும்மா. சும்மா, துரை.

அந்தச் சொல் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. ஒன்பது வருஷமாக அங்கே ஆயா, இடுப்பு வலியில் துடிக்கிறவளுக்கு முன்பின் தெரியாத இவளுடைய கை தன்மேல் படுவதே பிடிக்காது, அப்போது சொல்வாள், சும்மா, ஒன்றுமில்லை, சும்மா... இல்லை, அங்கிருந்து வரவில்லை, யாருக்குச் சொல்கிறாய் பொய்? அது அவன் வாயிலிருந்து வந்தது. கல்யாணம் கட்டிக்கொண்டவன், நாலு பேர் பார்க்க மணிக்கட்டைப் பிடித்து இழுப்பான், "சும்மா வாடி" என்பான், எதற்கு எங்கே என்று கேட்டால் "சும்மா இரு". அவனை விட்டு வெளியே வந்தபோது வேறு எதையும் அவள் எடுத்துக்கொள்ளவில்லை, இந்தச் சொல்லை மட்டும் பிடுங்கிக்கொண்டு வந்து, கழுவி, நல்லதற்கு வைத்துக்கொண்டாள். இப்போது இது அவளுடையது, அவளுடையதும் துரையுடையதும், வேறு எவனுக்கும் இதில் பங்கில்லை.

முன்னால் நின்ற நாய் இறங்கிவிட்டது. அவளே துரையைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். சீனன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, கை மேலிருந்து வந்தது, நேராகத் தலைக்கு மேலிருந்து, தழும்பின் மேலேயே... தோள் விறைத்தது, கண்ணின் வெள்ளை தெரிந்தது, உதடு ஒரு பக்கம் ஏறியது, கயிற்றை இழுக்காதே, இழுக்காதே பூவம்மா. "சும்மா," என்றாள், அவள் குரலே உடைந்திருந்தது, "சும்மா, துரை, சும்மா." உதடு இறங்கவில்லை. சீனன் சலிப்போடு அவளைப் பார்த்தான், அவள் ஏதோ மலாயில் கேட்கிறாள் என்று நினைத்துவிட்டான், மலாயில் சுமா என்றால் மட்டும், எத்தனை ஊசி, ஒன்று மட்டுமா என்று கேட்கிறாளாக்கும். "சுமா சத்து லா," என்றான், ஒன்றே ஒன்றுதான், "சுமா, சுமா சத்து." துரையின் காது திரும்பியது. அவன் வாயைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, மறுபடி அவன் வாயை. உதடு இறங்கியது. ஊசி ஏறியதும் தெரியவில்லை, இறங்கியதும் தெரியவில்லை, ஈரல் எங்கே என்று அவனுடைய கையை மோந்து பார்க்கிறது அந்த வெட்கங்கெட்ட நாய். மாணிக்கம், வந்து பார். பித்தளைப் பில்லை வாரில் தொங்குகிறது, இனி எவன் துப்பாக்கி எடுத்து வருகிறான் பார்க்கிறேன். சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கரித்தது, கூடவே ஒரு எரிச்சலும் வந்தது, யாரோ ஒருவன் சொன்னதற்கா அடங்கினாய்?

சீனன் தாளை நீட்டினான், கையெழுத்துப் போட வேண்டிய இடம், பக்கத்தில் மைப்பெட்டி. அவளைக் கேட்கவேயில்லை. மணிக்கட்டைப் பிடித்துக் கட்டைவிரலை மையில் அழுத்தினான். "சுமா சாப் லா," என்றான், ரேகை மட்டும் போதும். அவள் கையை உதறிய வேகத்தில் மைப்பெட்டி கீழே விழுந்தது. "கைய விடு. எழுதத் தெரியும் எனக்கு." அவனுக்குத் தமிழ் புரியவில்லை, "சாயா தாவு துலிஸ்" என்று மலாயிலும் சொன்னாள், வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது, பார்க்கட்டும். பேனாவை அவளே எடுத்தாள், பூவம்மா என்று நான்கெழுத்தும் தெளிவாக, அழுத்தி, தாள் பின்பக்கம் புடைக்கும்படி எழுதினாள். அவன் கெட்டவன் இல்லை, அவசரக்காரன், அவ்வளவுதான், அது அவளுக்குத் தெரியாதா? தெரிந்தும் தோள் இறங்க மறுத்தது, விறைத்தபடியே நின்றது. இப்படி விறைத்தால் நிறுத்து என்று ஊரில் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான், அவளுக்காக யாரிடம் போய் யார் சொன்னார்கள்? துரைக்கு உயிர் பிழைக்க வேண்டியிருந்தது, கற்றுக்கொண்டது. நான் எதற்குக் கற்றுக்கொள்ள வேண்டும்... கற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறேனா, முடியவில்லையா?

வெளியே வெயிலில் வந்ததும் துரை நின்று, மை படிந்த அவளுடைய கட்டைவிரலை மோந்தது. அப்போதுதான் அந்தக் கை இன்னும் மூடியே இருப்பதைப் பார்த்தாள். சும்மா என்று சொல்ல வாயைத் திறந்தாள், யாருக்குச் சொல்ல வந்தோம் என்று தெரியாமல் அப்படியே நின்றாள்.