ஜெரெமியின் காலிஸ்

மீன்தொட்டி பராமரிக்கும் வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரு விஷயத்தில் நான் கறார். செத்ததைச் செத்தது என்றுதான் சொல்வேன். ஆறுதலுக்காகப் பொய் சொன்னால், அடுத்த வாரம் தண்ணீரே நாறிக் காட்டிக் கொடுத்துவிடும்.

இவோன் மதாம் வீடு குருசுக்குப்பத்தில். சாப்பாட்டு அறையில் இருநூறு லிட்டர் கடல் தொட்டி, அதில் கையகலத்துக்கு ஒரு சாலிஸ் பவளம். மதாம் அதைப் பிரெஞ்சில் காலிஸ் என்பார். பூசையில் சாமியார் தூக்கும் கிண்ணத்துக்கும் அதே பெயர்தான். சாம்பல் பச்சை உடம்பில் பதினொரு ஆரஞ்சுக் கண்கள். கண் என்று சொல்கிறோமே தவிர ஒவ்வொன்றும் ஒரு வாய். மூன்று வாரத்துக்கு முன்னால் கொழுகொழுவென்று இருந்தது. நவம்பர் கடைசியில் போய்ப் பார்த்தால் ஓரமெல்லாம் தசை விலகி வெள்ளை எலும்பு தெரிந்தது.

உப்பு அளந்தேன். முப்பத்தைந்து இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தொன்பது.

"ஆவியாயி கொறையுற தண்ணிக்கு என்ன ஊத்துறீங்க மதாம்? ஆர்.ஓ. தண்ணிதான?" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் மேசைக்கு அடியில் இருந்த கேனைக் காட்டினார். மூடியைத் திறந்தால் கடல் வாடை.

"நோணாங்குப்பம் முகத்துவாரத்துல மொண்டது" என்றார்.

அதற்கு மேல் என்னால் திட்ட முடியவில்லை. அவருடைய ஒரே மகன் ஜெரெமி மே மாதம் அந்த முகத்துவாரத்தில்தான் குளிக்கப் போனான். உடல் கிடைக்கவே இல்லை. இந்தத் தொட்டி அவன் வைத்தது. அன்று கிளம்பும்போதுகூட, "காலிஸுக்கு ஆறு மணிக்குச் சாப்பாடு, பாத்துக்கம்மா" என்றுதான் சொல்லிவிட்டுப் போனானாம்.

"கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் பூவும் மெழுகுவத்தியும் எடுத்துக்குனு போனாங்க. எனக்குப் போறதுக்கு ஒரு கல்லறை இல்ல ஜாஸ்லின். ஆட்டோ புடிச்சு அங்க போனேன். அவன் அந்தத் தண்ணியிலதான இருக்கான். மொண்டாந்து தெனம் கொஞ்சம் ஊத்துனேன்."

குரலைத் தணித்துக்கொண்டு சொன்னேன். "தண்ணி மட்டுந்தான் ஆவியா போவும் மதாம். உப்பு எங்கயும் போவாது. நீங்க ஊத்த ஊத்த உள்ளயே சேந்துக்கும். இப்படியே உட்டா பவளம் ஒரு மாசம் தாங்காது."

"போவாதா?" அவர் முகம் தெளிந்தது. "அப்ப அவனும் போவல."

அவர் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆறு மணிக்கு விளக்கு தானாக நீலத்துக்கு மாறியது. தீனி போடும்போது தண்ணீர் ஓடக் கூடாது என்பதால் மோட்டாரை நிறுத்தினேன். பவளத்தின் வாய்களைச் சுற்றி மெல்லிய இழைகள் நீண்டன.

"எனக்குக் கண்ணுல புரை. இந்த வெளிச்சத்துல ஒண்ணும் தெரியாது" என்றார் மதாம். "என் பக்கம் பாக்குதா சொல்லு."

பவளமாவது பார்க்கிறதாவது என்று குனிந்தேன். தண்ணீர் ஓடினால் இழைகள் ஓட்டத்தோடு சாயும். ஓட்டம் இல்லாவிட்டால் நாலா பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கும். இவை அத்தனையும் மதாம் நின்ற இடது பக்கம் சாய்ந்திருந்தன. அவரை வலது பக்கம் வரச் சொன்னேன். ஒவ்வொரு வாயாக, அவசரமில்லாமல், பதினொன்றும் வலது பக்கம் திரும்பின.

"பாக்குது மதாம்" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

மறுநாளிலிருந்து வைத்தியம் ஆரம்பித்தேன். தினம் நாலு லிட்டர் எடுத்துவிட்டு அதே அளவு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரேயடியாக மாற்றினால் பவளம் அதிர்ச்சியிலேயே போய்விடும். எடுத்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட மதாம் விடவில்லை. ஒரு கேனில் சேர்த்து வாசல் கதவோரம் வைத்தார்.

மூன்றாம் நாள் மாலை மதாம் என் பக்கத்திலேயே நின்றார். இழைகள் எங்களை விட்டுவிட்டு வாசல் பக்கம் சாய்ந்திருந்தன. நான் எழுந்துபோய்க் கேனைத் தூக்கிச் சமையலறையில் வைத்துவிட்டு வந்தேன். அவை சமையலறைப் பக்கம் திரும்பின. உள்ளதைத்தான் சொன்னேன்.

"உங்க பக்கம் இல்ல மதாம். கேன் பக்கம்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "திருப்பி உள்ள ஊத்துனா?"

"பவளம் செத்துடும்."

"ஊத்தலன்னா?"

நான் சமையலறைப் பக்கம் பார்த்தேன். மதாமும் அந்தப் பக்கமே பார்த்தபடி சொன்னார். "அவன் என்கிட்ட இதத்தான் பாத்துக்கச் சொன்னான். அவனப் பாத்துக்கன்னு சொல்லல."

ஐந்தாம் நாள் கேனை ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் வைத்து, மதாமைப் பின்னால் உட்கார வைத்துக் கிளம்பினேன். அரியாங்குப்பம் தாண்டி நோணாங்குப்பம் வரைக்கும் பள்ளமும் மேடுமான ரோடு. கேனில் இருபது லிட்டர் தண்ணீர் இருந்தது. ஒரு தரம்கூடத் தளும்பவில்லை. முகத்துவாரத்தில் மதாம் முழங்கால் தண்ணீரில் இறங்கி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தார். கடைசிச் சொட்டு விழுந்த பிறகும் கேனை நிமிர்த்த அவருக்கு மனம் வரவில்லை. நான்தான் வாங்கிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்துப் போனேன். உப்பு முப்பத்தைந்து. வெள்ளை எலும்பின் மேல் மறுபடி தசை படர ஆரம்பித்திருந்தது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆறு மணிக்கு மோட்டாரை நிறுத்தினேன். இழைகள் நாலா பக்கமும் நீண்டு நின்றன, எந்த வீட்டுப் பவளத்தையும் போல.

மதாம் இடது பக்கம் வந்து கண்ணாடியில் கையை வைத்தார். "என் பக்கம் பாக்குதா?"

"உங்க பக்கந்தான் மதாம்" என்றேன்.

"நீ பொய் சொல்ல மாட்ட" என்றார் அவர்.

தீனி போட்டு முடித்தேன். மோட்டாரின் வாயை, தண்ணீர் அவர் நின்ற பக்கமாக ஓடும்படி திருப்பி வைத்துவிட்டு, சுவிட்சைப் போட்டேன்.