கூட உட்கார்ந்திருந்தவள்

ஐஸ் பெட்டியின் ஒயர் சுவரிலிருந்த பிளக் வரை எட்டவில்லை. சின்னப்பையன் பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸை வாங்கி, யார் காலிலும் ஒயர் தடுக்காதபடி சுவரோரமாக இழுத்து வந்து மாட்டினார். பெட்டி உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. கண்ணாடிக்குள் நாகவல்லி மஞ்சள் பூசிய முகத்தோடு தலையைச் சற்றே சாய்த்துப் படுத்திருந்தாள். முப்பத்தைந்து வருஷமாக அவருக்கு மனைவி.

காலையில் அடுப்பில் இட்லி குண்டானை ஏற்றிவிட்டு, "நெஞ்ச அடைக்கிற மாரி கீதுயா" என்றவள்தான். ஆட்டோ நூம்பலைத் தாண்டி வேலப்பன்சாவடி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மகன் சரண் வாசலிலிருந்து வேகமாக வந்தான். முகம் கறுத்திருந்தது.

"நைனா, தெரு முனைல பேனர் கட்டுறாங்க. இன்னா போட்டிருக்கான்னு போய்ப் பாரு."

"இன்னா போட்டுகிறான்?"

"அருள்வாக்கு அன்னை நாகவல்லின்னு. பம்பைக்காரங்களையும் கூட்டியாந்துட்டாரு எல்லையம்மன் கோயில் தமிழ்வாணன். நீ போய் கழட்டச் சொல்றியா, இல்ல நான் போய் கிழிக்கட்டா?"

சின்னப்பையன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். மகனின் கோபம் அவருக்குப் புதிதல்ல. அது எங்கே தொடங்கியது என்பதும் அவருக்குத் தெரியும்.

சரண் நாலாம் வகுப்பு படித்தபோதுதான் நாகவல்லி தனியாகப் பேசத் தொடங்கினாள். அடுப்படியில் நின்று யாருக்கோ பதில் சொல்வாள். நடுவீதியில் நின்று காதைப் பொத்திக்கொள்வாள். எல்லையம்மன் இறங்கியிருக்கிறாள் என்றார்கள் அவள் வீட்டார். கோயிலுக்கு இழுத்துப்போய், வந்திருப்பது யாரென்று சொல்லும்வரை விடக்கூடாது என்று பம்பையை அடித்தார்கள். அவள் ஆடினாள், கதறினாள், விழுந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பி மறுபடியும் பம்பையை அடித்தார்கள். கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்ற பையன் அன்றைக்கே காய்ச்சலில் படுத்தான்.

சின்னப்பையன் அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் ஆபரேட்டர். யூனியன்காரர். கறுப்புச் சட்டை போட்டவர், சாமி கும்பிடாதவர். அவர் சொல்லை அன்று யாரும் காதில் வாங்கவில்லை. கும்பிடாதவன் வீட்டில் ஆத்தா இப்படித்தான் இறங்குவாள் என்று அவர் மேலேயே பழியைப் போட்டார்கள்.

ஒரு நாள் விடியற்காலையில் நாகவல்லிதான் அவரை எழுப்பினாள்.

"யோவ், என்னிய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ. இது சாமி இல்ல."

"எப்பிடிச் சொல்ற?"

"கெணத்துல போய் உழுன்னு சொல்லுது. ஆத்தா என்னியச் சாவச் சொல்ல மாட்டா. எனக்கு அவளத் தெரியும்."

ஊரே சாமி என்று சொன்னதை ஒரு சாமி கும்பிடுகிறவள்தான் இல்லை என்றாள். எவ்வளவோ மேடையில் எவ்வளவோ பேச்சைக் கேட்டிருந்த சின்னப்பையனுக்கு, அந்த மாதிரி ஒரு வார்த்தையை அதற்கு முன்பும் பிறகும் கேட்ட ஞாபகம் இல்லை.

கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யா அவளிடம், "இப்பவும் சாமி உங்ககிட்ட பேசுதா?" என்று கேட்டார்.

"சாமி பேசாதும்மா. பேசறது வேற. சாமி சும்மா கூட குந்திகினு இருக்கும்."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். பிறகு, "கோயிலுக்குப் போறத நிறுத்த வேணாம். மாத்திரையையும் நிறுத்த வேணாம்" என்றார்.

அவள் இரண்டையும் நிறுத்தவில்லை. குரல்கள் ஒரேயடியாகப் போய்விடவில்லை. தூரத்து வீட்டு ரேடியோ மாதிரி ஆகிவிட்டது என்பாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சின்னப்பையன் அவளை டிவிஎஸ்ஸில் கொண்டுபோய்க் கோயில் வாசலில் விடுவார். எதிர்ப்புற டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டு காத்திருப்பார். உள்ளே அவள் என்ன செய்தாள், யாரோடு பேசினாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஆஸ்பத்திரி வரைக்கும் தன்னுடைய பங்கு, கோயில் அவளுடையது என்று விட்டிருந்தார்.

தெரு முனையில் தமிழ்வாணன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பேனரில் நாகவல்லி சிரித்துக்கொண்டிருந்தாள். ஏதோ கல்யாணத்தில் எடுத்த படம்.

"தமிழு, இது வேணாம்பா. கழட்டிடு" என்றார் சின்னப்பையன். பின்னாலேயே சரணும் வந்து நின்றான்.

"ஏன் அண்ணாத்தே?"

"ஏனா?" என்றான் சரண். "எங்கம்மாக்கு இருந்தது வியாதி. அதுக்கு மாத்திரை சாப்பிட்டாங்க. நீங்கல்லாம் சேர்ந்து அத சாமின்னு சொல்லி பம்பை அடிச்சு ஆட உட்டீங்க. செத்த அப்புறமும் உடமாட்டீங்களா?"

தமிழ்வாணன் ஏணியிலிருந்து கையை எடுத்தான். கோபித்துக்கொள்ளவில்லை.

"உனக்கு விசயம் தெரியாது சரணு. ஒரு ஆடி மாசம் கூழு ஊத்தறப்ப மொத்த சனமும் உங்கம்மாவத்தான் பாத்துகினு இருந்திச்சு, எப்ப ஆடுவாங்கன்னு. பம்பை அடிச்சுகினே கீறாங்க. அவங்க எந்திரிச்சு, நிறுத்துங்கப்பான்னாங்க. 'எனக்கு வந்தது சாமி இல்ல, நோவு. மருந்து சாப்பிடறேன், இப்ப தேவல. இங்க எவளுக்காவது ராத்திரில தூக்கம் வராம, காதுல எதுனா கேட்டுகினு இருந்தா எங்கிட்ட வாங்க, நான் இட்டுகினு போறேன்'னாங்க. அத்தினி பேரு முன்னாடி."

சின்னப்பையன் அவனையே பார்த்தார். அந்த ஆடி மாதமும் அவர் டீக்கடையில்தான் உட்கார்ந்திருந்திருப்பார்.

"பெரியவங்கல்லாம் ஏசுனாங்க. ஆத்தாளையே இல்லன்னுட்டாளேன்னு. அவங்க கண்டுக்கல. விபூதி வெச்சுகினு அதே எடத்துல குந்திட்டாங்க. அடுத்த வாரமே ஒரு பொண்ணு வந்து பக்கத்துல குந்திச்சு." தமிழ்வாணன் குரலைத் தாழ்த்தினான். "என் தங்கச்சி அகல்யாதான் அது. இப்ப நசரத்பேட்டைல ரெண்டு புள்ளையோட நல்லா கீது. அவங்க ஆடுனதுக்கா பேனர் வெப்பேன்? ஆட மாட்டேன்னாங்களே, அதுக்கு வெக்கிறேன் அண்ணாத்தே. எனக்கு வேற வார்த்த தெரியல. அருள்வாக்குன்னு போட்டுட்டேன்."

சரண் பேனரிலிருந்த படத்தை அண்ணாந்து பார்த்தான்.

வீட்டுக்குத் திரும்பியபோது, நாகவல்லி வேலை செய்துவந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். கழுத்தில் சின்னச் சிலுவை. ஆபீஸுக்குக் கிளம்பியவள் வழியிலேயே செய்தி கேட்டுத் திரும்பியிருக்க வேண்டும்; அடையாள அட்டையைக் கழற்றாமலே நின்றாள். மாலையைப் பெட்டியின்மேல் வைத்துவிட்டு, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தாள்.

"நான் ஆக்னஸ். ஐடில வேலை பாக்கேன். அக்கா எங்க ஃபிளாட்லதான் சமைச்சாங்க" என்றாள் சின்னப்பையனிடம். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், அண்ணே. உள்ள வரலாமா?"

அடுப்படிக்குள் போனார்கள். சரணும் கதவருகில் வந்து நின்றான்.

"பாப்பா பொறந்தப்புறம் எனக்கு ரொம்ப மோசமாயிட்டு. பிள்ளையத் தூக்கவே பயமா இருக்கும். எங்கம்மா ஊர்லயிருந்து போன் போட்டு, ஜெபம் பண்ணு, விசுவாசம் பத்தலம்பாங்க. முழங்கால் போட்டா ஒரு வார்த்தைகூட வராது. தேவன் என்னைய விட்டுட்டாருன்னு முடிவே பண்ணிட்டேன். ஒரு நா பால்கனில நிக்கேன். அக்கா வந்து கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டு வந்து, என்னன்னு கேட்டாங்க. சொன்னேன். 'கும்பிட முடியலன்னா உட்டுடு கண்ணு. நானும் ஒரு வருசம் கோயிலுக்குப் போய் சும்மா குந்திகினுதான் இருந்தேன், கும்பிடல. அது ஒண்ணும் கோச்சிக்கல, எங்கியும் போவல'ன்னாங்க. எந்தப் பாஸ்டரும் எனக்கு அப்படிச் சொல்லல. மறுநாளே ஆட்டோ பிடிச்சு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. நான் உள்ள பேசி முடிக்க வரைக்கும் பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு வெளிய உக்காந்திருந்தாங்க."

"இப்ப எப்பிடி கீற?" என்று கேட்டார் சின்னப்பையன்.

"நல்லா இருக்கேன், அண்ணே. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கும் போறேன்."

அவள் போனபிறகும் சின்னப்பையன் அடுப்படியிலேயே நின்றார். காலையில் வைத்த இட்லி குண்டான் அப்படியே இருந்தது. மூடியைத் திறந்து, பாதி வெந்து கெட்டிப்பட்ட மாவைத் தட்டுத் தட்டாக வழித்துப் போட்டார். தேங்காய் நாரை எடுத்துக் குண்டானைத் தேய்க்கத் தொடங்கினார். இழவு வீட்டில் ஆம்பளை பாத்திரம் தேய்க்கிறானே என்று யாரோ ஒருத்தி வாங்க வந்தாள். அவர் தரவில்லை.

சரண் ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்து ஊற்றினான்.

"உனக்கு இதெல்லாம் தெரியுமா, நைனா?"

"தெரியாது."

"சொல்லவே இல்லியா உங்கிட்ட?"

"அடுத்தவங்க நோவு. எதுக்குச் சொல்லுவா?"

குண்டானைக் கவிழ்த்து வைத்தபோது சரண், "பேனர் இருக்கட்டும். பம்பை மட்டும் வேணாம்னு சொல்லிடு" என்றான். தமிழ்வாணன் மறுபேச்சுப் பேசாமல் பம்பைக்காரர்களை டீ குடிக்கக் கூட்டிப்போனான்.

வெயில் சாய்வதற்கு முன்பே எடுத்தார்கள். மேளம் இல்லாததால் நடப்பவர்களின் காலடிச் சத்தம் கேட்டது. பெண்கள் தெரு முனையோடு நின்றுகொள்வது வழக்கம். சரண் கொள்ளிச்சட்டியோடு முன்னால் போக, வண்டியின் பின்னால் நடந்த சின்னப்பையன் அந்த இடத்தில் திரும்பிப் பார்த்தார்.

தெருப் பெண்கள் ஒரு கும்பலாக நின்றார்கள். அவர்களைத் தவிர இன்னும் சில பெண்கள் இருந்தார்கள். அவருக்குத் தெரியாத முகங்கள். ஒருத்தி கறிக்கடை ஓரமாக, ஒருத்தி டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில், கல்லூரிப் பை மாட்டிய ஒரு பெண் பூட்டியிருந்த கடையின் படியில். ஆக்னஸும் நின்றாள். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. யார், எங்கிருந்து வந்தாய் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. தள்ளித் தள்ளி நின்று அத்தனை பேரும் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வண்டி நகர்ந்தது. அவர்களில் குடை வைத்திருந்த ஒருத்தி, பக்கத்தில் வெயிலில் நின்றவளின் முகத்தைப் பார்க்காமலே, குடையைச் சற்று அந்தப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள்.